மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரிடமிருந்தும், பன்னிரண்டாம் வகுப்பில் நுழையும் மாணவர்களிடமிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்திருந்தன. அரசு நடத்தும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, அதை முன்கூட்டியே கணிப்பது எப்படி என்பதே அந்தக் கேள்வி. ஆகவே மற்றத் தலைப்புகளை ஒத்திவைத்து, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பை முடித்துவிட்டாள். பள்ளி தரும் ஜி.பி.ஏ. (மதிப்பெண் புள்ளிகளின் சராசரி) 4.4. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யூ.சி.எல்.ஏ.வில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அங்கே விண்ணப்பிப்பவர்களில் 9 சதவிகிதத்தினருக்கே இடம் கிடைக்கிறது என்று படித்தேன். இணையத்தில் உள்ள ஒரு கணிப்பான் அவளுக்கு 38 சதவிகித வாய்ப்பு என்கிறது. இந்த இரண்டில் எதை நம்புவது? – ஒரு தாயார், கலிபோர்னியா

பதில்: இரண்டையுமே உங்கள் மகளின் வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 9 சதவிகிதம் என்பது பல்கலைக்கழகத்தைப் பற்றிய செய்தி. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அந்த வளாகத்தின் முதலாண்டுச் சேர்க்கைக்கு ஏறத்தாழ 1,46,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் சுமார் 9 சதவிகிதத்தினருக்கு அனுமதிக் கடிதம் போயிற்று. ஆனால் அந்த ஒன்றரை லட்சம் பேரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள் அல்லர். கலிபோர்னியாவில் குடியிருப்பவர்கள் ஒரு வரிசை, பிற மாநிலத்தவர் ஒரு வரிசை, வெளிநாட்டினர் ஒரு வரிசை. அதற்குள்ளேயே பொறியியல், செவிலியர் படிப்பு போன்றவற்றுக்கு விண்ணப்பித்தவர்கள் தனியாகப் பிரிக்கப்படுகிறார்கள். யூ.சி.எல்.ஏ.வின் கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் எந்த மேஜரை, அதாவது முதன்மையாகப் படிக்கும் துறையை, குறிப்பிட்டாலும் சேர்க்கையில் அது கணக்கில் வராது. பொறியியல் கல்லூரியிலோ குறிப்பிட்ட மேஜருக்கு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பதே முடிவைப் பெரிதும் மாற்றிவிடுகிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, மகள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று தெளிவுபடுத்திக்கொள்வது. அது தெரியாமல் சொல்லப்படும் எந்தச் சதவிகிதத்துக்கும் பொருளில்லை.

அடுத்தது அந்த 4.4. இதுதான் பெரும்பாலான வீடுகளில் குழப்பம் தொடங்கும் இடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பள்ளி தரும் ஜி.பி.ஏ.வும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் கணக்கிடும் ஜி.பி.ஏ.வும் ஒன்றல்ல. பல்கலைக்கழகம் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை முதல் பதினோராம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை வரை எடுத்த பாடங்களை மட்டுமே, அவற்றிலும் ‘ஏ முதல் ஜி வரை’ என்று அது வகுத்திருக்கும் பாடப் பிரிவுகளுக்குள் வருபவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கல்லூரித் தரத்திலான ஏ.பி., ஐ.பி. பாடங்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட ஹானர்ஸ் (உயர்நிலை) பாடங்களுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. ஆனால் மொத்தம் எட்டு அரையாண்டுகளுக்கு மேல் அந்தக் கூடுதல் புள்ளி கிடையாது, அந்த எட்டில் பத்தாம் வகுப்பின் அரையாண்டுகள் நான்குக்கு மேல் இருக்கவும் முடியாது. ஒரு மாணவிக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் 24 அரையாண்டு மதிப்பெண்கள் இருக்கின்றன, அவற்றில் 22 ‘ஏ’ (தலா 4 புள்ளி), 2 ‘பி’ (தலா 3 புள்ளி) என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் புள்ளி எதுவும் சேர்க்காமல் கணக்கிட்டால் 94-ஐ 24-ஆல் வகுத்து 3.92 வரும். எட்டுப் புள்ளிகளைச் சேர்த்தால் 102-ஐ 24-ஆல் வகுக்க 4.25. அவள் 16 அரையாண்டுகள் ஏ.பி. பாடங்கள் படித்திருந்து, அத்தனைக்கும் பள்ளி புள்ளி கொடுத்தால் 4.58. மூன்று எண்களும் ஒரே மாணவிக்கு உரியவை. பல்கலைக்கழகம் வெளியிடும் சராசரி இவற்றில் எந்த வகை என்று பார்க்காமல் மகளின் எண்ணோடு ஒப்பிட்டால், இல்லாத நம்பிக்கையோ இல்லாத கவலையோ பிறக்கும். எனவே மகளின் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு, மூன்று வகையிலும் கணக்கிட்டு எழுதி வையுங்கள்.

கணிப்பானைப் பற்றி ஒரு சொல். அது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்டு, அதை வைத்து யூ.சி.எல்.ஏ. வாய்ப்பைச் சொன்னதென்றால், அதை மூடிவிடலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி. ஆகிய தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்க்கையில் பார்ப்பதே இல்லை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் மாணவி எழுதும் விடைகள், அவளுடைய பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன, கிடைத்தவற்றில் அவள் எவற்றை எடுத்தாள், வெளியே என்ன செய்தாள் என்பன போன்றவற்றை மனிதர்கள் படித்துத்தான் முடிவு செய்கிறார்கள். இவற்றில் எதையும் கணிப்பான் பார்த்திருக்காது.

அதைவிட நம்பத்தக்க ஒரு தகவல் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் மையம் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் எத்தனை பேர் எந்த வளாகத்துக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, விண்ணப்பித்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. என்ன, இடம் பெற்றவர்களின் சராசரி என்ன என்று ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. மகளின் பள்ளியைத் தேடி, கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களைப் பாருங்கள். அவளுடைய ஜி.பி.ஏ. இடம் பெற்றவர்களின் சராசரிக்கு மேலே இருக்கிறதா, விண்ணப்பித்தவர்களின் சராசரிக்கு அருகில் இருக்கிறதா என்பது அவளுடைய இடத்தை ஓரளவு காட்டிவிடும். அதன் பிறகும் யூ.சி.எல்.ஏ.வைக் கடினமான பல்கலைக்கழகம் என்ற பட்டியலில்தான் வைக்க வேண்டும். சராசரிக்கு மேல் ஜி.பி.ஏ. வைத்திருந்தும் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகன் 600 பேர் கொண்ட வகுப்பில் 42-ஆவது இடத்தில் இருக்கிறான். கணினி அறிவியல் படிக்க ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறான். முதல் 5 சதவிகிதத்துக்குள் வந்தால்தான் நிச்சயம் என்கிறார்கள். எங்கள் நண்பரின் மகன் சிறிய ஊர்ப் பள்ளியில் படித்து அதற்குள் வந்துவிட்டான். எங்கள் பையனின் வாய்ப்பு போய்விட்டதா? – ஒரு தந்தை, டெக்சஸ்

பதில்: வாய்ப்பு போய்விடவில்லை; உறுதி என்ற ஒன்றுதான் இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள அந்தச் சட்டத்தின் கதையை அறிந்திருப்பது நல்லது. 1997-இல் டெக்சஸ் சட்டமன்றம், மாநிலத்தின் எந்தப் பள்ளியாக இருந்தாலும் வகுப்பில் முதல் 10 சதவிகிதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் தர வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஆஸ்டின் வளாகத்தில் இடங்களில் மிகப் பெரும்பகுதி இந்த வழியிலேயே நிரம்பத் தொடங்கியதால், 2009-இல் அந்த வளாகத்துக்கு மட்டும் விதி திருத்தப்பட்டது. டெக்சஸ் மாணவர்களுக்கான முதலாண்டு இடங்களில் 75 சதவிகிதம் வரைதான் இந்த வழியில் நிரப்ப வேண்டும். அதற்கேற்ப எல்லை எத்தனை சதவிகிதம் என்பதைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே அறிவிக்கும். பல ஆண்டுகள் 6 சதவிகிதமாக இருந்த அந்த எல்லை, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது.

உங்கள் மகனின் வகுப்பில் 5 சதவிகிதம் என்றால் 30-ஆவது இடம். அவன் 7 சதவிகிதத்தில் நிற்கிறான். ஆகவே மீதமுள்ள கால் பங்கு இடங்களுக்கு, டெக்சஸ் மாநிலத்தில் இந்த எல்லைக்குள் வராத அத்தனை பேரோடும் போட்டியிட வேண்டும். அங்கே தரவரிசையோடு கட்டுரை, பாடத் தேர்வு, பள்ளிக்கு வெளியே செய்த பணிகள், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. மதிப்பெண் ஆகிய அனைத்தும் எடை போடப்படும். பெருந்தொற்றுக் காலத்தில் கைவிட்டிருந்த தேர்வு மதிப்பெண்ணை 2025 சேர்க்கையிலிருந்து ஆஸ்டின் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நண்பரின் மகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பையனுக்கு உறுதியானது பல்கலைக்கழகத்தில் இடம். கணினி அறிவியல் துறையில் இடம் அல்ல. தானாகச் சேர்க்கப்படும் மாணவரும் விரும்பிய மேஜருக்காகத் தனியே மதிப்பிடப்படுகிறார். முதல் 5 சதவிகிதத்துக்குள் வந்து, கணினி அறிவியல் கேட்டு, வேறு துறையில் இடம் பெறுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். போட்டி மிகுந்த பள்ளியில் படித்ததால் தன் பிள்ளைக்கு அநீதி நேர்ந்துவிட்டது என்ற வருத்தம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அந்த வருத்தம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போதிய ஏ.பி. பாடங்களே கிடைக்காத ஊரில் முதலிடத்தில் நிற்கும் மாணவனுக்கு ஆஸ்டினின் கதவைத் திறந்துவிட்டதும் இந்தச் சட்டம்தான், அது நல்ல சட்டம் என்பது என் கருத்து.

இப்போது உங்கள் மகனுக்குச் சாதகமான செய்தி. 10 சதவிகித விதி மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு முறைப்படி, உரிய தேதிக்குள் விண்ணப்பித்தால் 42-ஆவது இடத்திலிருக்கும் அவனுக்கு அங்கே அனுமதி உண்டு. பொறியியல் பிரிவில் இடம் தனியாகத் தீர்மானிக்கப்படும் என்பதையும், அங்கே பொறியியலில் சேர்பவர்கள் பொதுவான முதலாண்டை முடித்து, அந்த ஆண்டின் மதிப்பெண்ணை முக்கியமாகக் கொண்டு தங்கள் துறையைப் பெறுகிறார்கள் என்பதையும் அறிந்துகொண்டு விண்ணப்பிக்கட்டும்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். மிச்சிகன், வட கரோலினா (சேப்பல் ஹில்), வாஷிங்டன் (சியாட்டில்), இல்லினாய் (அர்பானா-ஷாம்பெய்ன்), யூ.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) பெர்க்லி ஆகிய ஐந்துக்கும் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கப்போகிறேன். ஒவ்வொன்றிலும் எனக்கு 20 சதவிகித வாய்ப்பு என்று கணக்கிட்டேன். அப்படியானால் ஐந்தில் ஒன்றிலாவது கிடைக்க 67 சதவிகித வாய்ப்பு இருக்கிறதல்லவா? அப்பா ஒப்புக்கொள்ள மறுக்கிறார். – ஒரு மாணவர், நியூ ஜெர்சி

பதில்: கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஒன்றில் கிடைக்காமல் போக 80 சதவிகிதம். ஐந்திலும் கிடைக்காமல் போக 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 33 சதவிகிதம். எனவே மீதி 67. ஆனால் இந்தப் பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஐந்து முடிவுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். பகடையை ஐந்து முறை உருட்டும்போது ஒரு முறை விழுந்தது அடுத்த முறையைப் பாதிக்காது. உங்கள் விண்ணப்பமோ ஐந்து இடங்களுக்கும் போவது ஒரே விண்ணப்பம். அதே மதிப்பெண்கள், அதே பாடத் தேர்வு, ஏறக்குறைய அதே கட்டுரை, அதே மேஜர். அதில் ஒரு குறை இருந்து மிச்சிகனில் படிப்பவரின் கண்ணில் பட்டால், இல்லினாயில் படிப்பவரின் கண்ணிலும் அது படவே வாய்ப்பு அதிகம். ஐந்து முடிவுகளும் முழுக்க ஒன்றாகவே நகர்ந்தால், மொத்த வாய்ப்பு 20 சதவிகிதத்திலேயே நின்றுவிடும். உண்மை 20-க்கும் 67-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பட்டியல் முழுவதும் ஒரே துறை, ஒரே கடினம் என்று இருக்கும்போது அது 67-ஐ நெருங்காது. உங்கள் அப்பாவின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

அதற்கும் முன்னால், அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட ஐந்திலும் நீங்கள் வெளிமாநில மாணவர். அவை ஐந்தும் அந்தந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் உருவானவை. தங்கள் மாநிலப் பிள்ளைகளுக்கு முதலிடம் தருவது அவற்றின் கடமை. சேப்பல் ஹில்லில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 1980-களிலிருந்தே இருந்துவருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 2017-இல் வெளிமாநிலத்தவருக்கு உச்சவரம்பு வகுத்தது. சியாட்டிலில் கணினி அறிவியலுக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வெளிமாநில மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அதே துறைக்கு விண்ணப்பிக்கும் வாஷிங்டன் மாநில மாணவருடையதைவிடப் பல மடங்கு குறைவு. இல்லினாயிலும் கணினி அறிவியலின் அனுமதி விகிதம் பல்கலைக்கழகத்தின் பொது விகிதத்துக்கு வெகு கீழே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பொது விகிதத்தைப் பார்த்து 20 என்று எழுதியிருந்தால், சில இடங்களில் அதை ஒற்றை இலக்கத்துக்குக் குறைக்க வேண்டியிருக்கும்.

பெர்க்லிக்காக இன்னொரு குறிப்பு: கலிபோர்னியாவுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் கணக்கிடும் ஜி.பி.ஏ.வில் ஏ.பி., ஐ.பி. பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. உங்கள் பள்ளி ‘ஹானர்ஸ்’ என்று பெயரிட்டிருக்கும் பாடங்களுக்குக் கிடையாது.

பட்டியலை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்த ஐந்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டையோ மூன்றையோ வைத்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் சொந்த மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸைக் கட்டாயம் சேருங்கள். அங்கே நீங்கள் உள்மாநில மாணவர். கணிதம், புள்ளியியல், தரவு அறிவியல் போன்ற அண்டைத் துறைகளில் உண்மையான ஈடுபாடு இருந்தால் ஓரிரு இடங்களில் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பின்னர் கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் அந்த மாற்றத்தை மிகவும் இறுக்கிவிட்டன.

கேள்வி: ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் எஸ்.ஏ.டி. மதிப்பெண் 1350 முதல் 1530 வரை என்று வெளியிட்டிருக்கிறது. என் மகன் 1540 எடுத்திருக்கிறான். இடம் உறுதி என்று கொள்ளலாமா? – ஒரு வாசகர், ஜார்ஜியா

பதில்: கொள்ள முடியாது. சேர்ந்த மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள கால் பங்கையும் கீழே உள்ள கால் பங்கையும் நீக்கிவிட்டு, நடுவிலிருக்கும் பாதிப் பேரின் எல்லையைத்தான் அந்த இரண்டு எண்கள் காட்டுகின்றன. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் 1540 எடுத்திருந்தார்கள் என்பதை அதிலிருந்து ஓரளவு அறியலாம். 1540 எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல, அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களின் எண்ணிக்கையும் தெரிய வேண்டும். தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்காத பல்கலைக்கழகமாக இருந்தால், நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் மட்டுமே அதை அனுப்பியிருப்பார்கள். எல்லை உண்மையைவிட உயர்ந்து தெரியும்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்ற பொதுத் தகவல் அறிக்கையை வெளியிடுகின்றன. அதில் ‘சி7’ என்ற அட்டவணையைத் தேடிப் பாருங்கள். பாடங்களின் கடினம், ஜி.பி.ஏ., தேர்வு மதிப்பெண், கட்டுரை, மாநிலக் குடியிருப்பு என ஒவ்வொன்றையும் அந்தப் பல்கலைக்கழகம் மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்ளப்படும், கொள்ளப்படாது என்ற நான்கு நிலைகளில் வகைப்படுத்தியிருக்கும். மகனின் 1540 எவ்வளவு தூரம் உதவும் என்பதை அந்த ஒரு பக்கம் தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி பணி விசாவில் எட்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம். மகள் அதைச் சார்ந்த குடும்பத்தினருக்கான ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். பல்கலைக்கழகம் அவளை உள்மாநில மாணவியாகப் பார்க்குமா, வெளிநாட்டு மாணவியாகப் பார்க்குமா? – ஒரு தம்பதியர், டெக்சஸ்

பதில்: இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் அக்கம்பக்கத்தார் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெக்சஸ், கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்களில் ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் இருப்பவர்கள், குடியிருப்புக் காலம் முதலிய மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால், மாநிலக் குடியிருப்பாளர் தகுதியைக் கோர இடமுண்டு. எட்டு ஆண்டு வரி விவரங்கள், வீட்டு ஒப்பந்தம், பள்ளிச் சான்றுகள் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்தில் குடியுரிமை கேட்கும் இடத்தில் இந்தியா என்று நிரப்பியதும், சில பல்கலைக்கழகங்களில் விண்ணப்பம் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போய்விடுவதுண்டு. ஆகவே சேர்க்கை அலுவலகம், குடியிருப்பைத் தீர்மானிக்கும் அலுவலகம் ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் பெறுங்கள். சேர்க்கையில் எந்த வரிசை என்பதும், கட்டணத்தில் எந்த வகை என்பதும் இரு வேறு முடிவுகளாக இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 21 வயது நிறைந்ததும் ஹெச்-4 தகுதி முடிந்துவிடும். பச்சை அட்டை வராத நிலையில் பல பிள்ளைகள் படிப்பின் நடுவே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். அப்போது உள்மாநிலக் கட்டணம் தொடருமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பட்டியலில் ஒன்றாவது உறுதியான இடமாக இருக்க வேண்டும் என்கிறார் பள்ளிக் கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகர்). எதை உறுதி என்று சொல்வது? அனுமதி விகிதம் 70 சதவிகிதம் இருந்தால் போதுமா? – ஒரு தாயார், இல்லினாய்

பதில்: விகிதத்தைக் கொண்டு உறுதியைத் தீர்மானிக்க வேண்டாம். 70 சதவிகிதத்தினருக்கு இடம் தரும் பல்கலைக்கழகத்திலும் செவிலியர் படிப்புக்கோ கணினி அறிவியலுக்கோ கதவு குறுகலாக இருக்கலாம். இன்ன தகுதி இருந்தால் இடம் உண்டு என்று எழுத்தில் அறிவித்திருக்கும் பல்கலைக்கழகமே உறுதியானது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. நம் குடும்பங்கள் அவற்றைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பதே எனக்கு ஆதங்கம்.

அயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு வெளிப்படையான ஒரு சூத்திரம் உண்டு. ஏ.சி.டி. மதிப்பெண்ணை 3-ஆல் பெருக்க வேண்டும், ஜி.பி.ஏ.வை 30-ஆல் பெருக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம் போன்ற முதன்மைப் பாடங்கள் ஒவ்வொன்றையும் படித்த ஆண்டுகளைக் கூட்டி, அந்த எண்ணிக்கையை 5-ஆல் பெருக்க வேண்டும். மூன்றையும் கூட்டி 245 வந்தால் அயோவா மாணவருக்கு இடம் உண்டு. ஏ.சி.டி. 26, ஜி.பி.ஏ. 3.5, முதன்மைப் பாடங்கள் 15 ஆண்டுகள் என்றால் 78, 105, 75 சேர்ந்து 258. அந்த மாணவர் எவரிடமும் வாய்ப்பைக் கேட்க வேண்டியதில்லை. ஏ.சி.டி. 22, ஜி.பி.ஏ. 3.1, முதன்மைப் பாடங்கள் அதே 15 ஆண்டுகள் என்றால் கூட்டுத்தொகை 234 ஆகிறது; அவருடைய விண்ணப்பம் தனியாகப் பரிசீலிக்கப்படும். ஐடஹோ மாநிலம் 2015-இலேயே இன்னும் ஒரு படி மேலே போய், தன் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இடம் உண்டு என்று கடிதம் அனுப்பும் முறையைத் தொடங்கியது. கலிபோர்னியாவில் மாநில அளவிலோ தம் பள்ளியிலோ முதல் 9 சதவிகிதத்துக்குள் வருபவர்களுக்கு, விண்ணப்பித்த எந்த வளாகத்திலும் இடம் கிடைக்காவிட்டால், இடமிருக்கும் ஒரு வளாகத்தில் அனுமதி தரப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் அது பெரும்பாலும் மெர்செட் வளாகமாகவே இருந்திருக்கிறது.

உங்கள் மாநிலத்தில் இத்தகைய உறுதி எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று கவுன்சிலரிடமே கேளுங்கள். அவரிடம் அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களின் ஜி.பி.ஏ., தேர்வு மதிப்பெண், முடிவு ஆகியவற்றைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடமும் இருக்கக்கூடும். மேஜர் எது என்று அந்தப் புள்ளிகள் சொல்வதில்லை என்ற குறை இருந்தாலும், ஒரே பள்ளி, ஒரே மாநிலம் என்பதால் வெளியே கிடைக்கும் எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது உங்கள் மகனுக்கோ மகளுக்கோ நெருக்கமானது. உறுதியான இடமாக எதை எழுதினாலும், பிள்ளை அங்கே மனமுவந்து படிக்கச் செல்வாளா, கட்டணம் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். போக விரும்பாத இடம் பட்டியலை நிரப்புமே தவிர, எங்கே சேர்வது என்று முடிவு எடுக்க வேண்டிய ஏப்ரல் மாதத்தில் உதவாது.

கேள்வி: மகனுக்கு விண்ணப்பித்த எந்த யூ.சி. வளாகத்திலும் இடம் கிடைக்கவில்லை. சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறான். உறவினர்களிடம் சொல்லவே எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த வழியில் உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா? – ஒரு தந்தை, கலிபோர்னியா

பதில்: இருக்கிறது, முதலாண்டுச் சேர்க்கையைவிடத் தெளிவாகக் கணிக்கக்கூடிய வாய்ப்பு அது. 1960-இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி ஒரு தூணாக வைக்கப்பட்டது. இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மாற்றுச் சேர்க்கை மாணவர் என்பது இன்றும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலக்கு. முதலாண்டில் 9 சதவிகிதத்தினருக்கு இடம் தரும் அதே யூ.சி.எல்.ஏ., மாற்றுச் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இடம் தருகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள். பட்டத்தில் எழுதப்படுவது பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே. பதினெட்டு வயதில் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொண்டு அடுத்த வழியைத் தானே தேடிச் சொல்லும் பிள்ளைக்கு வீட்டின் துணை வேண்டும். உறவினர்களுக்கு விளக்கம் சொல்வது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

உறுதி வேண்டுமென்றால் ‘டேக்’ என்று அழைக்கப்படும் உத்தரவாத ஒப்பந்தம் இருக்கிறது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் அதை வழங்குகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ வழங்குவதில்லை. குறிப்பிட்ட பாடங்களை முடித்து, அந்த வளாகம் கேட்கும் ஜி.பி.ஏ.வைத் தக்கவைத்தால் இடம் உண்டு. ஒரு வளாகத்தோடு மட்டுமே ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும். மற்ற வளாகங்களுக்கு வழக்கம்போல் விண்ணப்பிக்கத் தடையில்லை. கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளைச் சில வளாகங்கள் இந்த ஒப்பந்தத்தில் சேர்ப்பதில்லை என்பதால் மகனின் துறை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தக் கல்லூரியில் படிக்கும் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாக ஏற்கப்படும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற மாநில அரசுத் தளம் துறைவாரியாகக் காட்டுகிறது. மகன் முதல் பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்பே கல்லூரியின் மாற்றுச் சேர்க்கைக் கவுன்சிலரோடு அமர்ந்து, அந்தத் தளத்தை வைத்து நான்கு பருவங்களுக்கும் பாடத் திட்டம் எழுதிவிடட்டும். கணிதத் தொடரை ஒரு பருவம் தள்ளிப்போட்டால்கூட மாறும் ஆண்டு ஒன்று தள்ளிப்போகலாம். உத்தரவாத ஒப்பந்தத்துக்கான விண்ணப்பம், மாறப்போவதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் மாதம் முழுவதும் திறந்திருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதிக்குள் தனியாக அனுப்ப வேண்டும்.